பெயரை மறைத்தால் கணக்கு தெரியுமா?

அரசாங்கக் கோப்பு எந்த அதிகாரியின் சொந்தச் சொத்தும் அல்ல. மக்களின் வரிப்பணத்துக்கு எழுதப்பட்ட கணக்கு அது. இதை நாடு முழுவதற்கும் ஏற்கும் தகவல் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-இல்தான் முழுமையாக அமலுக்கு வந்தது.

இச்சட்டத்துக்கு வித்திட்டவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். அரசுப் பணிகளில் மண் சுமந்தவர்களுக்கு உரிய கூலி கிடைக்கவில்லை. கணக்கைக் கேட்டால், அது இரகசியம் என்றார்கள். 1994 முதல், மஸ்டர் ரோல் எனும் கூலிப் பதிவேடுகள் கிராமப் பொது விசாரணைகளில் உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்களும், ஏன், இறந்துபோனவர்களும்கூடக் கூலி வாங்கியதாகப் பதிவாகியிருந்த மோசடி அம்பலமானது! 1996-இல் பியாவர் நகரில் 40 நாட்கள் மறியல் நடந்தது. அந்தப் போராட்டத்தின் பலனே இன்றைய சட்டம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பதிவேட்டில் பெயர் இருந்ததால்தான் திருட்டு பிடிபட்டது. "நூறு பேருக்குக் கூலி வழங்கப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால், யார் மறுத்திருக்க முடியும்?

அந்தப் பெயருக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. தனிநபர் விவரங்களைத் தேவையின்றி வெளியிடக் கூடாது என்று பழைய சட்டமே கூறியது. ஆனால், பொதுப்பணியோடு தொடர்பிருந்தால் தரலாம் என்றது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைச் சாதாரண மனிதனுக்கும் மறுக்கலாகாது என்றது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரண்டையும் நீக்கிவிட்டது. 2025 நவம்பரில் இத்திருத்தம் நடைமுறைக்கும் வந்தது. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் எனும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது என்று அரசு சமாதானம் சொல்கிறது. உண்மைதான். ஆனால், எது பொதுநலன் என்று முதலில் தீர்மானிப்பவர், கணக்கை வைத்திருக்கும் அதே அலுவலகத்தார் அல்லவா?

மும்பையின் குடிசைகளில் வாழும் தமிழருக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. குடிசைப் புனரமைப்புத் திட்டத்தில் இலவச வீடு பெறத் தகுதியுள்ளோர் பட்டியல் 'அனெக்சர் இரண்டு' எனப்படுகிறது. 1-1-2000-க்கு முன்பே குடியிருந்தவர் விடுபட்டாரா, குடியிராதவர் நுழைந்தாரா என்பதைப் பெயர்களைப் பார்த்துத்தானே அறிய முடியும்? ரேஷன் கடைப் பதிவேட்டுக்கும் இதே கதிதான்.

அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதே. ஒருவரின் நோயையும் வங்கிக் கணக்கையும் ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பொதுப்பணத்தில் வீடோ அரிசியோ கூலியோ பெற்றவர் பெயர் அந்தரங்கமாகாது. மத்திய அரசு பழைய பிரிவை மீண்டும் கொண்டுவருவதே முறை.

அதுவரை, உள்ள உரிமையைத் துருப்பிடிக்க விடக் கூடாது. கட்டணம் 10 ரூபாய். காரணம் கூறத் தேவையில்லை. 30 நாட்களில் பதில் தர வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அதிகாரிக்கு அபராதம் உண்டு. மகாராஷ்டிரத்தில் மனுவை மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில் தரலாம். தமிழில் தர இயலாது. இங்குதான் அலுவலகங்களில் பணிபுரியும் தமிழர்களுக்குக் கடமை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். கேட்பவர் பெருகினால்தான் சட்டம் உயிரோடிருக்கும்.