வழிகாட்டும் கைப்பேசியும் வழிசொல்லும் மனிதரும்

‘வாயிருந்தால் வங்காளம் போகலாம்’ என்பது நம் முன்னோர் பழமொழி. பிறரைக் கேட்டு அறியும் துணிவு இருந்தால், முன்பின் அறியாத நாட்டுக்கும் சென்று சேரலாம் என்பது அதன் பொருள். இன்று வாயின் வேலையைக் கைப்பேசி ஏற்றுக்கொண்டது. இம்மாற்றம் முழுதும் நன்மையானதா? எண்ணிப் பார்ப்போம்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் ஏ.கே. செட்டியார். காந்தியடிகளின் வாழ்வை ஆவணப்படமாக்க விரும்பிய அவர், 1937ஆம் ஆண்டு தொடங்கி நாடு நாடாகப் பயணம் செய்தார். அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ ஒரு லட்சம் மைல். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு பேர் எடுத்திருந்த படச்சுருள்களை அவர் தேடித் திரட்டினார். எந்தச் சுருள் எவரிடம் உள்ளது என்று சொல்ல அன்று இணையம் இல்லை. கடிதம் எழுதிக் காத்திருந்தும், நேரில் சென்று வினவியுமே அறிய வேண்டியிருந்தது. 1940இல் அப்படம் வெளிவந்தது.

இன்றைய நிலை வேறு. பெங்களூரின் லிங்கராஜபுரத்தில் வாழும் ஒரு குடும்பம் இலங்கைக்குச் செல்ல விரும்பினால், நுழைவு அனுமதி, விமானச் சீட்டு, தங்கும் அறை ஆகிய அனைத்தையும் வீட்டிலிருந்தே பெறலாம். 2024 பிப்ரவரி முதல் இலங்கையிலும் யுபிஐ வழியே பணம் செலுத்த முடிகிறது. ஜி.பி.எஸ். குறிகைகளின் துல்லியத்தைப் பொதுமக்களுக்குக் குறைத்து வழங்கும் முறையை அமெரிக்கா 2000ஆம் ஆண்டு மே மாதம் கைவிட்டது. அதனால், நாம் நிற்கும் தெருவையே இன்று கைப்பேசி காட்டுகிறது. அயல்மொழிப் பலகையைப் படம் பிடித்தால் அதன் பொருளையும் சொல்கிறது.

இவ்வசதிகளை இகழ்வது முறையன்று. ஒருகாலத்தில் செல்வமும் அறிமுகமும் உடையோர்க்கே எளிதாயிருந்த உலகப் பயணம், இன்று மேலும் பலருக்கு வாய்த்திருக்கிறது. தனியே செல்லும் பெண் தாம் இருக்குமிடத்தை வீட்டாருக்கு உடனுக்குடன் தெரிவிக்கலாம். பேச இயலாதவர் தம் வினாவைத் திரையில் எழுதிக் காட்டலாம். இவர்களுக்குக் கைப்பேசி கருவி மட்டுமன்று, விடுதலையும் ஆகும்.

ஆயினும், ஓர் இழப்பும் உண்டு. வழி கேட்பவருக்கு வழி மட்டுமா கிடைக்கிறது? யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் வழி கேட்டு நின்றால், உரையாடுவதை அவர்கள் ‘கதைத்தல்’ என்பதையும், ‘பேசுதல்’ என்றால் அங்கே ஏசுதல் என்றும் பொருள்படுவதையும் அறியலாம். ஒரே தமிழ் இருவேறு மண்ணில் எவ்வாறு வளர்ந்துள்ளது என்பதை அந்தச் சிறு உரையாடல் உணர்த்திவிடும். திரையை மட்டும் பார்த்து நடப்பவர் இடத்தை அடைவார். அவ்விடத்து மக்களை அறியார். எல்லாரும் ஒரே செயலி காட்டும் இடங்களையே நாடினால், பயணங்கள் பலவாயினும் பார்வை ஒன்றாகிவிடும்.

லிங்கராஜபுரத்தில் தமிழும் கன்னடமும் அருகருகே ஒலிக்கின்றன. இங்கு வாழும் தமிழர் பலர் கன்னடம் கற்றது கடைத்தெருவிலும் பேருந்திலும் பிறரோடு பேசித்தான். தவறாகப் பேசியபோது திருத்தியவர்களே அவர்களுக்கு ஆசிரியர்கள். அயலாரிடம் தயங்காமல் பேசும் அப்பழக்கமே உலகப் பயணத்துக்கும் முதற்பயிற்சி.

எனவே, கருவியைக் கைவிட வேண்டியதில்லை. அளவறிந்து பயன்படுத்தினால் போதும். வரைபடத்தை முன்னரே பதிவிறக்கிக்கொள்க. தங்குமிடத்தின் முகவரியைத் தாளிலும் எழுதிவைத்துக்கொள்க. செல்லும் நாட்டின் மொழியில் வணக்கமும் நன்றியும் சொல்லக் கற்க. நாள்தோறும் ஒருவரிடமாவது வழி கேட்க. தொலைவைக் குறைப்பது தொழில்நுட்பத்தின் பணி. அயலாரை உறவாக்குவது நம் பணி.

சிந்தித்து எழுதுக

1. ஏ.கே. செட்டியாரின் தேடலுக்கு இன்றைய தொழில்நுட்பம் எவ்வாறு உதவியிருக்கும்? எதை அது தந்திருக்க இயலாது?
2. ‘கைப்பேசி சிலருக்கு விடுதலையும் ஆகும்’ என்னும் கருத்தை நீ ஏற்கிறாயா? காரணம் கூறுக.