விசா எக்ஸ்ரே கிளியரா இருந்துச்சே!

இந்த ஒரு வரியைத்தான் என் ரூம்மேட் நாலு மாசத்துல மூணு டாக்டருங்ககிட்ட சொன்னான். மூணு பேரும் நம்பினாங்க. நானும்தான்.

மெல்போர்ன்ல நாங்க நாலு பேர் ஒரே வீடு. எல்லாருமே மாஸ்டர்ஸ் படிக்க வந்தவங்க. இவனுக்குக் கழுத்துல நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி கிடையாது. "நெறி கட்டியிருக்கு மாப்ள, தன்னால போயிரும்"னு விட்டுட்டான். சாயங்காலமானா லேசா காய்ச்சல். உடம்பு இளைச்சப்ப, அம்மா சாப்பாடு இல்லாத ஏக்கம்னு நாங்க ஓட்டினோம் (இப்ப நினைச்சா சுருக்குங்குது). முதல் டாக்டர் ஒரு ஆன்டிபயாடிக், ரெண்டாமவர் வேற ஒண்ணு, மூணாமவர் "வைரஸா இருக்கும், ரெஸ்ட் எடு". நடுவுல சூட்கேஸ்ல ஊர்லேர்ந்து கொண்டு வந்த மாத்திரையும் உள்ள போச்சு. நாலாவதா பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "நீ எங்க பிறந்த?" கட்டியில ஊசி குத்தி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. டிபி!

அப்ப அந்த எக்ஸ்ரே பொய்யா? இல்லை. அன்னைக்கு நுரையீரல்ல நோய் தெரியலைன்னு அது சொல்லுச்சு, அவ்வளவுதான். கிருமி உடம்புல வருஷக்கணக்கா தூங்கிட்டு இருந்தா எக்ஸ்ரேயில் தெரியாது. கழுத்து நெறி, முதுகெலும்பு, குடல் இங்கெல்லாம் வர்ற டிபியில இருமலே இல்லாமல் போகலாம். நாமதான் அதை ஆயுசுக்கும் செல்லுபடியாகும் சர்ட்டிபிகேட்டா நினைச்சுக்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் வருஷத்துக்கு லட்சத்துல 5, 6 பேருக்குத்தான் டிபி. இந்தியாவில் சுமார் 190. இங்க ஒரு சாதாரண கிளினிக் டாக்டர் வருஷக்கணக்குல ஒரு கேஸ்கூடப் பார்க்காம இருக்கலாம்; அவருக்கு ஞாபகம் வராதது புரியுது. ஆனா இங்க டிபி வர்றவங்கள்ல பத்துக்கு எட்டு, ஒன்பது பேர் வெளிநாட்டில் பிறந்தவங்க. எதிர்ல உட்கார்ந்திருக்கறவன் எங்கேர்ந்து வந்தான்னு கேட்க ஒரு நிமிஷம் ஆகுமா? ஓரியண்டேஷன்ல, கடல்ல எந்த ரெண்டு கொடிக்கு நடுவுல குளிக்கணும்னு விலாவாரியா சொன்னாங்க. இதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

உடனே "நம்ம ஊர் டாக்டர்னா கண்டுபிடிச்சிருப்பார்"னு சண்டைக்கு வராதீங்க. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வந்த ஒரு கட்டுரைப்படி, அறிகுறி ஆரம்பிச்சு சிகிச்சை தொடங்க ஏறக்குறைய 55 நாள் ஆகுது. அதுக்குள்ள சராசரியா மூணு பேர்கிட்ட போயிடறாங்க. மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கற லீவோஃப்ளாக்சசின் வகையறா இன்னொரு வில்லன். டிபி கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கும், ஒழிக்காது. காய்ச்சல் இறங்கினதும் நோயாளியும் ஏமாறுவார், டாக்டரும் ஏமாறுவார். நம்மாளு சூட்கேஸ்ல இருந்ததும் அதேதான்.

ஆனா அவன் தாமதிச்சதுக்கு முதல் காரணம் பயம். டிபின்னா ஃப்ளைட் ஏத்திடுவாங்கன்னு நினைச்சான். இங்க வந்தப்புறம் டிபி கண்டுபிடிச்சா அதுக்காக விசா போகாது. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் டிபி சிகிச்சை இலவசம், மெடிகேர் இல்லாத நமக்கும்தான். இது தெரிஞ்சிருந்தா முதல் மாசமே கட்டியைக் காட்டியிருப்பேன்னு சொன்னான்.

ரெண்டாவது பயம் வீடு. தங்கச்சிக்கு வரன் பார்த்துட்டு இருக்காங்க. டிபி நோயாளியை ஒதுக்கி சானடோரியத்துல வைக்க வேண்டியதில்லை, வீட்ல வச்சே குணப்படுத்தலாம், கூட இருக்கறவங்களுக்கு அதனால கூடுதல் ஆபத்து இல்லைன்னு உலகத்துக்கே நிரூபிச்ச ஆராய்ச்சி 1956-ல் நம்ம சென்னையில்தான் ஆரம்பிச்சது. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. கழுத்து நெறியில மட்டும் இருக்கற டிபி பக்கத்துல இருக்கறவங்களுக்குப் பரவவும் பரவாது. இதெல்லாம் பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட யார் சொல்றது?

ஆறு மாச மருந்துல இப்ப மூணாவது மாசம். கட்டி பாதியாயிடுச்சு. போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அவங்கம்மா, "கன்னம் வச்சிருக்கு, நல்லா சமைச்சு சாப்பிடறியா ராசா?"ன்னு கேட்டாங்க. "ஆமாம்மா"ன்னான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அவன்கிட்ட படிச்சுக் காட்டி, சம்மதம் வாங்கித்தான் எழுதினேன். 'நெல்லிக்காய்' மட்டும் ஓவர், சுண்டைக்காய்தான்னு சொன்னான் :-)