பணம் வரலாம், வாக்கு வரக் கூடாதா?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு அருகே, இரவு ஷிப்ட் முடிந்து வருவோர் கூடும் தேநீர்க் கடை. அங்கே நம் தோழர் ஒருவர் கேட்டார்: “அண்ணே, வெல்டிங் வேலைக்குச் சவூதி போறேன். நம்ம ஓட்டு என்ன ஆகும்?”

“ஓட்டு இருக்கும் தம்பி, போடத்தான் முடியாது” என்றோம். அவர் சிரித்தார், நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு நம் நெஞ்சை உறுத்திற்று.

நாம் சொன்னது வேடிக்கைப் பேச்சல்ல. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தை 2010-இல் திருத்தி, 2011 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். பிழைப்புக்காக வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன், பாஸ்போர்ட்டில் கண்ட முகவரிக்குரிய தொகுதியில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். கேட்கக் காது குளிர்கிறது! ஆனால் தேர்தல் நாளன்று அவர் நேரில் வர வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். தன் சாவடியிலேயே வாக்களிக்க வேண்டும். ரியாத்திலிருந்து ஆவடிக்கு வந்து, விரலில் மை வைத்துக்கொண்டு, மீண்டும் ரியாத்துக்குப் போக வேண்டும்! விமானக் கட்டணம் யார் கொடுப்பது? விடுப்பு யார் கொடுப்பது? இலை போட்டார்கள், சோறும் படைத்தார்கள். பந்தியை மட்டும் கடலுக்கு அப்பால் வைத்தார்கள்!

விளைவு என்ன? 2024 பாராளுமன்றத் தேர்தலில் பதிவு செய்திருந்த வெளிநாடுவாழ் வாக்காளர் 1,19,374 பேர். வந்து வாக்களித்தோர் 2,958 பேர். அவர்களிலும் 2,670 பேர் கேரளத்தார். எஞ்சிய இந்தியா முழுவதற்கும் 288 பேர்! வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களோ ஒன்றரைக் கோடிக்கும் மேல். இதற்குப் பெயர் வாக்குரிமையா, வாக்குரிமையின் நிழற்படமா?

இன்னொரு வேதனையைக் கேளுங்கள் தோழர்களே! அதே ரியாத்தில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. அங்கே பணிபுரியும் அரசு அதிகாரிக்கு அஞ்சல் வாக்கு உண்டு. அவருடன் வசிக்கும் மனைவிக்கும் உண்டு. வாக்குச் சீட்டு அவர் இருக்கும் இடம் தேடி வருகிறது. அது தவறென்று நாம் சொல்லவில்லை, அவரும் குடிமகனே. நாம் கேட்பது, அதே தூதரக வாசலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வெயிலில் நிற்கும் பூந்தமல்லிக்காரன் யார் என்பதுதான். ஒரே நாட்டின் குடிமக்கள் இருவர். உள்ளே நாற்காலியில் இருப்பவருக்கு வாக்கு உண்டு. வெளியே வரிசையில் நிற்பவருக்கு வாக்கு இல்லை! 1955 சனவரியில் இதே ஆவடியில் மாநாடு கூட்டி, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது காங்கிரசு. எழுபது ஆண்டு ஓடிய பிறகும், ஆவடிப் பாட்டாளி பாலைவனத்துக்குப் போய்ப் பிழைக்கிறான். போகும்போது வாக்கையும் விட்டுவிட்டுப் போகிறான்.

அவன் அனுப்பும் பணத்தை யாராவது வேண்டாம் என்கிறார்களா? 2023-24-ஆம் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் ஏறத்தாழ 11,870 கோடி டாலர். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வந்தது. பணம் ஒரு நொடியில் கடல் தாண்டுகிறது. வாக்குச் சீட்டு மட்டும் கடலைக் கண்டால் மயங்கி விழுகிறதாம்!

டில்லிக்கு இது தெரியாததல்ல. வெளிநாட்டில் இருப்பவர் தனக்குப் பதிலாக ஊரில் ஒருவரை நியமித்து வாக்களிக்கச் செய்யலாம் என்று மசோதா கொண்டுவந்தார்கள். 2018 ஆகஸ்டில் மக்களவை அதனை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் அது நிறைவேறவில்லை. 2019-இல் மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதியாயிற்று. அதற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஒருவன் வாக்கை இன்னொருவன் கையில் கொடுப்பது, சோற்றை இன்னொருவன் வாயில் ஊட்டிவிட்டு ‘உன் பசி தீர்ந்ததா?’ என்று கேட்பது போன்றது. 2020-இல் தேர்தல் ஆணையம், மின்னணு முறையில் சீட்டை அனுப்பி அஞ்சலில் திரும்பப் பெறலாம் என்று சட்ட அமைச்சகத்துக்குத் தெரிவித்தது. அதுவும் 2024 தேர்தலுக்குள் நடைமுறைக்கு வரவில்லை.

முடியாத காரியமோ என்று ஐயுறுவோர் புதுச்சேரிக்குப் போய்ப் பார்க்கட்டும். பிரெஞ்சு ஆட்சி நீங்கியபோது ஏற்பட்ட ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அவர்கள் பாரிசுக்குப் பறக்கவில்லை. 2024 ஜூன், ஜூலையில் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்குத் தேர்தல் வந்தபோது புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நம் சென்னையிலும் சாவடி வைத்தார்கள். அதுமட்டுமா? வெளிநாடுவாழ் குடிமக்களுக்கென்றே 11 உறுப்பினர் இடங்களை ஒதுக்கி, 2012 முதல் தேர்தல் நடத்துகிறது பிரான்ஸ். இந்தியாவில் உள்ளோரும் அவற்றில் ஒரு தொகுதியில் அடக்கம். இத்தாலியும் அப்படியே இடம் ஒதுக்கியிருக்கிறது. புதுச்சேரித் தமிழன் தன் ஊரிலிருந்தே பாரிசுக்கு உறுப்பினரை அனுப்புகிறான். பூந்தமல்லித் தமிழனோ துபாயிலிருந்து டில்லிக்கு ஒரு சீட்டும் அனுப்ப முடியவில்லை!

நமக்கும் அது வேண்டும் என்கிறோம். மக்களவைத் தொகுதி ஒன்றுக்குச் சராசரி வாக்காளர் ஏறத்தாழ 18 லட்சம். வெளிநாட்டில் வாழும் வயது வந்தோர் ஒரு கோடி என்று குறைத்தே கணக்கிட்டாலும், ஐந்து தொகுதிக்குரிய மக்கள் அவர்கள். ஆங்கிலோ-இந்தியருக்கென மக்களவையில் இரண்டு நியமன இடங்கள் 2020 சனவரி வரை இருந்தன. சிறு தொகையினருக்காக அரசியல் சட்டம் அன்று வழி கண்டதென்றால், கோடி பேருக்கு இன்று வழி காண முடியாதா? இடங்கள் புதிதாகச் சேரட்டும். எந்த மாநிலத்தின் பங்கிலிருந்தும் கிள்ளக் கூடாது.

வாக்கு இல்லாதவன் கதி என்ன என்பதற்கு இலங்கைத் தோட்டத் தொழிலாளியே சாட்சி. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் தம் பிரதிநிதிகள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948-இல் சட்டம் போட்டுக் குடியுரிமையைப் பறித்தனர். 1949-இல் வாக்கும் போயிற்று. அதன்பின் 1964-இல் டில்லியில் இரு பிரதமர்கள் அமர்ந்து கையெழுத்திட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசுவது! தேயிலை மூட்டையைப் பங்கிடுவது போல மனிதரைப் பங்கிட்டனர். ‘எங்கே போக விரும்புகிறாய்?’ என்று அவர்களைக் கேட்டபிறகா கையெழுத்திட்டார்கள்? வாக்கு இல்லாதவனை யார் கேட்பார்!

வளைகுடாவில் வாழ்வோர் நிலை வேறு. குடியுரிமை அவர்களிடம் இருக்கிறது. ஆயினும் அவர்கள் துயரைச் சொல்ல அங்கே நாவில்லை, இங்கே நாற்காலியில்லை. 2024 ஜூன் 4-ஆம் நாள் நம் தேர்தல் முடிவு வந்தது. எட்டே நாள் கழித்து, ஜூன் 12 விடியற்காலையில் குவைத்தின் மங்காப்பில் தொழிலாளர் தங்கிய கட்டடம் தீப்பற்றியது. மாண்ட இந்தியர் 45 பேர். தமிழர் 7 பேர். உடல்கள் விமானத்தில் வந்தன. உயிரோடு இருந்தபோது வராத வாக்கு, உயிர் போனபின் வந்து என்ன பயன்? நெரிசலான அறைகளைப் பற்றியும் நின்றுபோன கூலியைப் பற்றியும் முன்கூட்டியே சபையில் எழுந்து கேட்க, அவர்களுக்கென ஓர் உறுப்பினர் இருந்திருக்க வேண்டாமா?

மறுப்புரைகளும் உண்டு. ‘நாட்டை விட்டுப் போனவனுக்கு வாக்கு எதற்கு?’ என்பர் சிலர். அவன் விட்டுப் போகவில்லை. வட்டிக்குக் கடன் வாங்கி, தாலியை அடகு வைத்துப் போனான். திரும்பி வரவே போனான். ‘முதலாளி மிரட்டி வாக்கை வாங்கிவிடுவானே’ என்பது நியாயமான அச்சம். ஆகவேதான் தொழிலாளர் முகாமில் சாவடி வேண்டாம். தூதரகத்தில், நம் அதிகாரிகளின் காவலில், விடுமுறை நாளில் வையுங்கள் என்கிறோம். தூதரகம் தொலைவென்றால் ஊருக்கு ஊர் தற்காலிகச் சாவடி வையுங்கள். ‘பணக்காரர்கள் இடங்களைப் பிடித்துக்கொள்வர்’ என்பர். வட்டாரம் வட்டாரமாகத் தொகுதி பிரித்தால், வளைகுடாத் தொழிலாளியின் தொகுதி அவன் கையிலேயே இருக்கும்.

தோழர்களே! முதற்கோரிக்கை, உழைக்கும் இடத்திலேயே வாக்கு. அடுத்த கோரிக்கை, பாராளுமன்றத்தில் இடம். இரண்டும் கேட்காமல் வாரா. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கிளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். தெருத் தெருவாகச் செல்லுங்கள். வெளிநாடு சென்றோர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 6-ஏ படிவத்தில் அவர்கள் பெயர் பதிவாக வழி செய்யுங்கள். பட்டியல் சிறிதாக இருக்கும் வரை டில்லி நம்மைச் சிறிதாகவே எண்ணும். வாக்குக் கேட்டு வருவோர் எக்கட்சியினராயினும், பட்டியலை முன்னால் விரித்து வைத்துக் கேளுங்கள்: ‘இவர்கள் பணம் மட்டும் நாட்டுக்கு வேண்டுமா, இவர்கள் குரலும் வேண்டுமா?’

தேநீர்க் கடையில் அந்தத் தோழர் சிரித்தார். அடுத்த தேர்தலில் அவர் வாக்களிக்க வேண்டும்.