யாருக்காக ஹேக் வரை போவார்கள்?

சித்தப்பா மகன் குவைத்துக்குக் கிளம்புகிறான். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டியவன், கூலி கட்டுப்படியாகவில்லை. ஏஜெண்ட் கொடுத்த காகிதங்களை நீட்டி, "அண்ணே, நீங்கதான் வெளிநாட்டுச் சட்டமெல்லாம் படிக்கீங்கள்லா, இதுல வில்லங்கம் ஒண்ணும் இல்லையே?" என்றான். பாதி அரபியில் இருந்தது. முனைவர் பட்ட ஆய்வு அதற்கு உதவவில்லை.

அவனிடம் ஒன்றை மட்டும் சொன்னேன்: போலீஸ் பிடித்தால், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேள். 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம், பிரிவு 36 தரும் உரிமை அது. கைதாகும் வெளிநாட்டவரிடம் இந்த உரிமையைத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி அவரைச் சந்திக்கலாம், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யலாம். இதைச் சொல்லாமல் விட்டு மரண தண்டனை விதித்தால் அது உயிர்வாழும் உரிமையையே மீறுவதாகும் என்று ஐநா மனித உரிமைக் குழு 2018இல் விளக்கியது. ஆனால் அந்தக் குழு கண்காணிக்கும் உடன்படிக்கையில் அமீரகமோ, சவுதியோ, சிங்கப்பூரோ சேரவே இல்லை.

உரிமை தனிமனிதருடையது என்று சர்வதேச நீதிமன்றம் 2001இலேயே ஏற்றது. வழக்குப் போடும் அதிகாரமோ அரசுக்கு மட்டும்தான். சிக்கல் இங்கேதான். சிங்கப்பூரில் தூக்குக்குக் காத்திருந்த மலேசியத் தமிழர் பிரபாகரன் ஸ்ரீவிஜயனுக்காக, சிங்கப்பூரை ஹேக்குக்குக் கொண்டுபோக மலேசிய அரசுக்கு உத்தரவிடும்படி அவரது வழக்கறிஞர்கள் மலேசிய நீதிமன்றத்தில் கேட்டார்கள். மலேசியா போகவில்லை. 2017 ஜூலை 14 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அதே ஆண்டு இந்தியா போனது. முன்னாள் கடற்படை அதிகாரி குல்பூஷன் ஜாதவுக்குப் பாகிஸ்தான் ராணுவ நீதிமன்றம் ஏப்ரலில் மரண தண்டனை விதித்தது. மே 8 அன்று இந்தியா ஹேக்கில் நின்றது. பாகிஸ்தான் பிரிவு 36ஐ மீறியது என்று 2019 ஜூலை 17இல் தீர்ப்பு வந்தது. சரியான தீர்ப்பு, அதில் எனக்குக் குறையில்லை.

உத்தரப்பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்திலிருந்து அபுதாபிக்குப் போன ஷாஜாதி கான், ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர். அந்தக் குழந்தையின் சாவுக்காக அவருக்கு மரண தண்டனை. மகள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் தகப்பன் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். பிப்ரவரி 15ஆம் தேதியே தண்டனை நிறைவேறிவிட்டது என்று 2025 மார்ச் 3இல் அரசு வழக்கறிஞர் சொன்னார். தூதரகத்துக்கே பிப்ரவரி 28இல்தான் தகவல் வந்ததாம்.

ஹேக்குக்குப் போக இரு நாடுகளும் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருக்க வேண்டும், எல்லா வழக்குக்கும் அந்த வாசல் இல்லை என்பார்கள். உண்மைதான். ஷாஜாதிக்குச் சட்ட உதவி செய்தோம், கருணை மனு அனுப்பினோம் என்று அரசு சொல்கிறது. இருக்கட்டும். தன் குடிமகளைக் கொன்ற செய்தி 13 நாள் தாமதமாக வந்ததற்கு, ஜாதவுக்காகக் காட்டிய கோபத்தில் கால்வாசியாவது டெல்லி காட்டியதா?

காட்ட வைக்க முடியும். 2011 நவம்பரில் பிடிபட்ட ராமேஸ்வரம் பகுதி மீனவர்கள் ஐவருக்கு, போதைப்பொருள் வழக்கில் கொழும்பு உயர்நீதிமன்றம் 2014 அக்டோபர் 30இல் மரண தண்டனை விதித்தது. தீவு கொந்தளித்தது. மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிரதமர் ராஜபக்சேவிடம் பேசினார். மூன்று வாரத்துக்குள் மன்னிப்பு, விடுதலை. ஒரு சமூகம் தெருவுக்கு வந்த பிறகுதான் அரசு நகர்ந்தது. வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் தனித்தனியாகக் கடல் கடக்கும் நிலமற்ற சாதிகளுக்கு எந்தத் தெரு?

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 1999இல் நம் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதிசெய்த நால்வரில் முருகனும் சாந்தனும் ஈழத்தமிழர்கள். 2014இல் தண்டனை குறைந்தது, 2022 நவம்பரில் விடுதலை. விடுதலையான அவர்களைத் திருச்சி சிறப்பு முகாமில் அடைத்தோம். தாயைப் பார்க்க ஊர் திரும்பக் காத்திருந்த சாந்தன் 2024 பிப்ரவரி 28இல் சென்னை மருத்துவமனையில் இறந்தார். மரண தண்டனையையே ஒழிப்பதை ஆதரிப்பேன் என்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் சொன்னது 1949இல்.

அமீரகத்தில் மட்டும் 25 இந்தியர்கள் மரண தண்டனையை எதிர்நோக்கியிருப்பதாக 2025 மார்ச்சில் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அவர்களில் தமிழ்நாட்டுக்காரர் எத்தனை பேர், யாருக்கு வழக்கறிஞர் உண்டு, மொழிபெயர்ப்பாளர் உண்டு, எந்த மனு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் குடும்பங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். நம் தொகுதி எம்.பி.க்களிடம் கேட்கவேண்டிய கேள்வி இது.

தம்பிக்குத் தூதரக எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். போனைப் பிடுங்கிவிடுவார்கள், மனப்பாடம் செய் என்றேன். இரண்டு தடவை தப்பாகச் சொன்னான்.