டி-ஷர்ட் பிரிண்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் வெள்ளை இன்க்கைப் பாருங்கள்!

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததுமே பலருக்கும் தோன்றும் கேள்வி, "இதை வைத்து நாலு காசு சம்பாதிக்க முடியாதா?" என்பதுதான். போட்டோஷாப் கொஞ்சம் பழகியவர்களுக்கு டி-ஷர்ட் பிரிண்டிங் உடனே நினைவுக்கு வரும். டிசைனை கம்ப்யூட்டரிலிருந்து நேராகத் துணியில் அச்சிடும் பிரிண்டரை டி.டி.ஜி. என்கிறார்கள். நம் வீட்டு இன்க்ஜெட் பிரிண்டரின் அண்ணன் என்று சொல்லலாம். ஆனால் விலை லட்சங்களில்!

என் கல்லூரி நண்பன் ஒருவன் சேலத்தில் இந்தத் தொழிலில் இறங்கினான். அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் புரட்டினான். எந்த மெஷின் வாங்கலாம் என்று என்னிடம்தான் கேட்டான். நான் சாப்ட்வேர் இன்ஜினியர் ஆயிற்றே! டி.பி.ஐ. எவ்வளவு, ஒரு சட்டைக்கு எத்தனை நிமிடம், விலை என்ன என்று பட்டியல் போட்டு ஒன்றைக் கைகாட்டினேன். ஆறே மாதத்தில் பிரிண்ட் ஹெட் அடைத்துக்கொண்டது. மெஷினில் குறை இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று ஆர்டர்தான் வந்தது. மற்ற நாட்களில் அது சும்மா கிடந்தது. "தினமும் ஓடுமா?" என்ற கேள்வி என் பட்டியலிலேயே இல்லை.

சும்மா கிடந்தால் என்ன ஆகும்? காகிதத்தில் அச்சிடும்போது வெள்ளை நிறம் காகிதத்திலேயே இருக்கிறது. கறுப்பு டி-ஷர்ட்டில் அது இல்லை. எனவே ப்ரீ-ட்ரீட்மென்ட் திரவம் தெளித்து, ஹீட் பிரஸ்ஸில் காயவைத்து, வெள்ளை இன்க்கை அடியில் அடித்து, அதன் மேல்தான் மற்ற வண்ணங்களை அடிக்க வேண்டும். இந்த வெள்ளைக்குக் காரணமான டைட்டானியம் டை ஆக்சைடு கனமான பொருள். அசையாமல் விட்டால் அடியில் படிந்து, நுண்ணிய நாசில்களை அடைத்துவிடும். 2005-ல் வந்த பிரதர் ஜிடி-541 மெஷினில் வெள்ளை இன்க்கே கிடையாது. வெளிர் நிறத் துணிக்கு மட்டும்தான். இன்றைய மெஷின்கள் பலவற்றில் வெள்ளை இன்க்கைச் சுற்ற வைக்கும் வசதி உண்டு. ஆனாலும் தினசரிப் பராமரிப்பு தப்பாது.

அடுத்து, எந்தத் துணி என்று பாருங்கள். டி.டி.ஜி.க்கு ஏற்றது பருத்தி. வெள்ளை அல்லது வெளிர் நிற பாலியெஸ்டர் ஜெர்சி என்றால் சப்ளிமேஷன் போதும். பருத்தி, பாலியெஸ்டர் இரண்டும் வரும் என்றால் பிலிமில் அச்சிட்டு ஒட்டும் டி.டி.எஃப். இருக்கிறது, அதிலும் வெள்ளை இன்க் உண்டு, அடைப்புத் தொல்லையும் உண்டு. ஒரே டிசைனில் 200 சட்டை என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் மலிவு. ஆளுக்கொரு டிசைன், ஒன்றிரண்டு சட்டை என்று வரும் ஆர்டரில்தான் டி.டி.ஜி. ஜெயிக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மாதத் தவணை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 50 சட்டை அடித்தால், ஒரு சட்டைக்கு 300 ரூபாய் தவணைக்கே போய்விடும். 500 அடித்தால் 30 ரூபாய்தான். சட்டை, இன்க், ப்ரீ-ட்ரீட்மென்ட், கரன்ட், வீணாகும் சட்டைகள் எல்லாம் இதற்கு மேல்.

அப்படியும் வாங்குவதென்றால், டீலர் காட்டும் சாம்பிளை நம்பாதீர்கள். உங்கள் கறுப்புச் சட்டையையும் உங்கள் டிசைனையும் கொண்டுபோய் கண் முன்னால் அச்சிடச் சொல்லுங்கள். வீட்டில் பத்து முறை துவைத்துப் பாருங்கள். பிரிண்ட் ஹெட் மாற்ற எவ்வளவு செலவாகும், சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், ரிப் சாப்ட்வேர் விலையில் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

என் கருத்து இதுதான்: முதலில் ஆர்டர், பிறகு மெஷின். டிசைனை நீங்கள் செய்யுங்கள். அச்சிடும் வேலையைத் திருப்பூர் போன்ற ஊர்களில் ஜாப் ஒர்க் செய்பவர்களிடம் கொடுங்கள். லாபம் குறைவுதான், ஆனால் கடன் இல்லை. தினமும் மெஷின் ஓடும் அளவுக்கு ஆர்டர் சேர்ந்த பிறகு சொந்தமாக வாங்கலாம். என் நண்பன் இப்போது இப்படித்தான் செய்கிறான். போன மாதம் அம்மாவின் வளையல்களை மீட்டுவிட்டான். சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.