கச்சேரி பதிய கரண்ட்டை நம்பாதீர்கள்

ஆறு டிராக்கா எட்டு டிராக்கா, 96 கிலோஹெர்ட்ஸா 192-ஆ என்றுதான் ரிக்கார்டர் வாங்கப்போகும் நம்மவர்கள் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்வி வேறு. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் இந்தப் பெட்டி என்ன செய்யும்?

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கவலை கம்மி. மார்கழியில் ஒன்று போனால் சாயங்காலமே இன்னொன்று. இங்கே புனேயில் நமக்கு நவராத்திரி, ராமநவமி என்று வருஷத்துக்கு நாலைந்து கச்சேரி கிடைத்தால் பெரிசு. அதுவும் கோயில் ஹாலில், இல்லையென்றால் சொசைட்டி கம்யூனிட்டி ஹாலில். அப்படி ஒன்றில், தானத்துக்கு நடுவே கரண்ட் போனது. பாடியவர் நிறுத்தவே இல்லை. மைக் இல்லாமல் தொடர்ந்தார், வயலினும் கூடவே வந்தது, கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. பத்து பதினைந்து விநாடியில் ஜெனரேட்டர் வந்துவிட்டது. ஆனால் பதிவு செய்ய வந்திருந்தவரின் பெட்டி வெறும் அடாப்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாப் அமுக்கும்போதுதான் அது ஃபைலின் நீளத்தை எழுதி மூடும் ரகம். அதனால் மூடாத ஃபைல் திறக்கவில்லை. முன்னால் பதிந்த ஒன்றேகால் மணி நேரமும் சேர்ந்து போயிற்று.

ஆகவே உள்ளே செல், வெளியே யூஎஸ்பி அல்லது அடாப்டர் என்று இரண்டும் போட முடிகிற, ஒன்று போனால் தானாக மற்றதற்கு மாறுகிற பெட்டிதான் வேண்டும். 'மாறும் சார்' என்று கடைக்காரர் சொன்னால் போதாது. பதிவை ஓடவிட்டு, கடையிலேயே வயரைப் பிடுங்கிப் பாருங்கள். அவர் முறைத்தால் முறைக்கட்டும் :-)

கேட்லாக்கில் போடும் மணிக்கணக்கை அப்படியே நம்பவேண்டாம். பெரும்பாலும் அது பெட்டியின் சொந்த மைக்கில், குறைந்த தரத்தில், ஃபேண்டம் பவர் இல்லாமல் எடுத்த கணக்கு. கண்டென்சர் மைக் ஒவ்வொன்றும் 48 வோல்ட்டில் சில மில்லிஆம்பியர் இழுக்கும். நாலு மைக்குக்கு, மாற்றுவதில் ஆகும் இழப்பும் சேர்த்தால் ஒரு வாட் பக்கம் வரும். 2000 எம்ஏஎச் ரீசார்ஜ் செல் நாலு போட்டால் மொத்தமே 9.6 வாட்-மணிதான். இதில் பெட்டியும் ஓடவேண்டும், திரையும் எரியவேண்டும். மூன்று மணி நேரக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வரும் சமயம் பார்த்து செல் கண்ணை மூடும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் எழுத்தில் 37 வாட்-மணி. கழிவு போக 25 கைக்கு வந்தாலும் தாராளம். ஆனால் குறைவாக இழுத்தால் தானே அணைந்துபோகும் பவர் பேங்க்குகள் உண்டு. வீட்டில் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். மெனுவில் செல் வகை கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், சாதா அல்கலைன் 1.5. மாற்றிச் சொன்னால் பேட்டரி அளவு பொய் காட்டும்.

செல்லில் ஓடுவதில் இன்னொரு லாபம். ஹால் பிளக்கில் சுருதிப் பெட்டி, ஆம்ப்ளிஃபையர், சீரியல் லைட் எல்லாம் தொங்கும். நம் பெட்டியையும் அதில் மாட்டி, மிக்சரிலிருந்து வயரும் இழுத்தால், எர்த் இரண்டு வழியாகச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் உறுமல் தம்புராவோடு சேர்ந்து பாடும். செல்லில் இருந்தால் அந்தச் சுற்றே இல்லை.

சரி, மிக்சரிலிருந்து ஸ்டீரியோவாக எடுத்தால் போதாதா, எதற்கு மல்டிடிராக்? சின்ன ஹாலில் மிருதங்கம் நேராகவே காதில் விழும். அதனால் சவுண்ட்காரர் அதைக் குறைத்துத்தான் வைப்பார், குரலைத் தூக்குவார். ஹாலுக்கு அது சரி. அதையே பதிந்தால் மிருதங்கம் பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல் இருக்கும். தனித்தனி டிராக்கில் இருந்தால் வீட்டில் சரிசெய்யலாம். என் பெரிய ஆசை வேறு. இங்கே நம் பிள்ளைகள் பாதிப்பேர் வீடியோ காலில்தான் பாட்டும் வயலினும் கற்கிறார்கள். வயலின் டிராக்கை மட்டும் தனியாகக் கேட்கவோ, அதை மட்டும் அணைத்துவிட்டுக் குரலோடு தாங்களே வாசிக்கவோ முடிந்தால், அது எவ்வளவு பெரிய பாடம்!

குரல், வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு. ஆக நாலு மைக், கூட ஹால் சத்தத்துக்கு ஒரு ஸ்டீரியோ ஜோடி. ஆறு டிராக் போதும். ஜூம் கம்பெனியின் எச்6 (2013-இல் வந்தது) இந்தக் கணக்குக்கென்றே செய்ததுபோல் இருக்கும். நாலு மைக் சாக்கெட், மேலே ஸ்டீரியோ மைக், நாலு ஏஏ செல். (இந்த ஜூம் ஜப்பான்காரர்களுடையது. பாட்டு வகுப்பு நடக்கும் ஜூம் இல்லை.) 2019-இல் வந்த எஃப்6 ஏஏ செல், சோனி கேம்கோடர் பேட்டரி, யூஎஸ்பி மூன்றிலும் ஓடும். விலையும் அதற்கேற்ப. கடம், கஞ்சிரா எல்லாம் சேரும் என்றால் எட்டு மைக் போடும் எஃப்8 வகை. அது நம் சங்கம் மாதிரி பத்துக் குடும்பம் சேர்ந்து வாங்கவேண்டியது.

தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஆறு டிராக்குக்கு மணிக்கு 3 ஜிபி சொச்சம். 32 ஜிபி கார்டு ஒரு கச்சேரிக்குக் கண்டு மிஞ்சும். 192 வைத்தால் கார்டும் செல்லும்தான் தீரும். 32 பிட் ஃப்ளோட் வீண் செலவு என்று சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளமாட்டேன். வித்வானுக்கு ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுபோவதும் செருப்பு ஸ்டாண்டைப் பார்ப்பதும் ரிக்கார்டிங்கும் ஒரே ஆள் என்றால், மீட்டர் முன்னால் உட்கார ஏது நேரம்? அது இல்லாத பெட்டியில் வர்ணத்தின்போது உச்சம் மைனஸ் 18 டெசிபெல் பக்கம் இருக்கட்டும். தனி வரும்போது எகிற இடம் வேண்டும்.

பாடுகிறவரிடமும் பக்கவாத்தியக்காரர்களிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மேடையில் மைக் மாட்டிக்கொண்டே கேட்பது மரியாதை இல்லை. இணையத்தில் போடமாட்டோம், சங்கத்துப் பிள்ளைகள் கற்கத்தான் என்று சொல்லி, மறுநாள் பிரதியும் கொடுத்தால் பலபேர் சம்மதிப்பார்கள். வேண்டாம் என்றால் பெட்டியை மூடி வைத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்காருங்கள்.