வகுப்பறைக் கூரைக்கும் ஒரு வெள்ளைப் பூச்சு

சித்திரை வெயிலில் கோயிலுக்குப் போகிறவர்கள் நன்கு அறிந்த காட்சி இது. கொதிக்கும் கல்தரையில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. பக்தர்கள் அத்தனை பேரும் அதன் மீதே நடப்பார்கள். வெயிலைத் திருப்பியனுப்பும் அந்தப் பூச்சின் அருமை உள்ளங்காலுக்குத் தெரியும். திருத்தணியின் 365 படிகளை நண்பகலில் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பூச்சு எல்லா அரசுப் பள்ளிகளின் மொட்டை மாடிக்கும் ஏன் இன்னும் போய்ச் சேரவில்லை?

திருத்தணி கடலுக்குத் தள்ளி, பாறைக் குன்றுகளை ஒட்டி இருக்கும் ஊர். சென்னையைத் தணிக்கும் கடற்காற்று இங்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணியும் அடிக்கடி வருகிறது. 2023 ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகள், வெயிலால் இருமுறை தள்ளிப்போய் 12, 14 தேதிகளில்தான் திறந்தன. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழக அரசு அறிவித்தது.

பள்ளிக் கட்டடங்களுக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய், 18,000 புதிய வகுப்பறைகள் என்று 2022-23 பட்ஜெட் அறிவித்தது. பெரிய முயற்சி, பாராட்டத்தக்கது. ஆனால், பழைய கான்கிரீட் கூரையின் கீழ் உட்காரும் பிள்ளைகளே அதிகம்.

சிக்கல், செலவை மின்கட்டண மிச்சத்தோடு மட்டும் ஒப்பிட்டுக் கணக்குப் போடும் முறையில் இருக்கிறது. அமெரிக்கா 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டத்தில் பள்ளிகளின் எரிசக்திச் சீரமைப்புக்கு 50 கோடி டாலர் ஒதுக்கியது. அங்கே பள்ளிகளின் மின்கட்டணம், எரிவாயுக் கட்டணம் இரண்டும் பெரிது. போட்ட பணம் மிச்சமாகத் திரும்பி வரும். திருத்தணிப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஓடுவது நாலைந்து மின்விசிறி, சில குழல்விளக்கு. 75 வாட் விசிறிகள் நான்கைக் கழற்றி மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி விசிறிகளை மாட்டினாலும், தினம் ஆறு மணி நேரம், 200 நாள் ஓடினால் மிச்சம் ஆண்டுக்கு 216 யூனிட்தான். மீட்டரை மட்டும் பார்க்கும் அதிகாரி கோப்பை மூடிவிடுவார். மத்திய அரசின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதிகளும் 100 கிலோவாட் மின்சுமை கொண்ட பெரிய வணிகக் கட்டடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கிராமப் பள்ளிக்கு அங்கே இடமில்லை.

உண்மையான இழப்பு மின்கட்டணத்தில் தெரியாது. அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி மாணவர்களின் மதிப்பெண்களை அலசி 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் கல்வியாண்டின் வெப்பம் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டுக் கற்றல் ஒரு சதவீதம் குறைகிறது என்றது. ஆகவே, அளக்க வேண்டியது பிற்பகல் இரண்டு மணிக்கு வகுப்பறைக்குள் இருக்கும் வெப்பத்தை.

இதற்குப் புதுத் தொழில்நுட்பம் தேடி அலைய வேண்டாம். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து தளம் போட்டு, மேலே தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலை. அதுகூட இல்லாத வெறும் கான்கிரீட், பகலெல்லாம் வெயிலைக் குடித்துக் கீழே இறக்குகிறது. வெயிலைத் திருப்பியனுப்பும் இத்தகைய கூரைக்காகவே தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்து அரசுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. தமிழகத்திலும் பசுமைப் பள்ளிகள் சிலவற்றில் குளிர்கூரை வந்திருக்கிறது. சில பள்ளிகளோடு நின்றால் போதாது.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். சாக்பீஸ் முதல் கழிப்பறைச் சுத்தம் வரை அதற்குள்தான். கூரைக்கு எங்கே மிச்சம்? அந்தத் திட்டத்தில் 2024-25-க்கான நிதியையே மத்திய அரசு நிறுத்தி வைத்ததால் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது.

எனவே, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே கூரைப் பூச்சுக்கும் தட்டோட்டுக்கும் தனி ஒதுக்கீடு வேண்டும். வெப்பம் மிகுந்த திருத்தணி, வேலூர் வட்டாரங்களின் பழைய கட்டடங்களில் வேலை முதலில் தொடங்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள். பூச்சு மாசிக்குள் காய்ந்தால்தான் பங்குனி வெயிலுக்கு உதவும்.